சர்வர் மாற்றியபின் நூலகப் பட்டியலில் தமிழ் எழுத்துகள் சிதைந்துள்ளன: பழைய பதிவுகளை மீட்க முடியுமா?

ஏடடுக்கு கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டம் நடத்தும் நூலகத்தின் இணையப் பட்டியலை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். 2011இல் ஒரு நண்பர் பிஎச்பி நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த செயலி அது. ஏறத்தாழ 11,400 நூல்களின் விவரங்கள் ஓர் அட்டவணையிலும், 3,100 ஆசிரியர்களின் பெயர்கள் மற்றோர் அட்டவணையிலும் உள்ளன. இதுவரை பிஎச்பி 5.6, தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 5.5 ஆகியவை இருந்த சர்வரில் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரங்களுக்கு முன்பு பிஎச்பி 8.2, மைஎஸ்க்யூஎல் 8.0 உள்ள புதிய சர்வருக்கு மாற்றினேன். பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், தரவுத்தளத்தோடு பேசும் பகுதிகளை எல்லாம் மைஎஸ்க்யூஎல்ஐ முறைக்கு மாற்றி எழுதினேன்.

மாற்றிய அன்றே சிக்கல் தொடங்கிவிட்டது. பழைய நூல்களின் தலைப்புகள் எல்லாம், தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு ஏதோ ஒரு குறி என்று மாறி மாறித் தெரிகின்றன. புதிய நூலைச் சேர்க்க முயன்றபோது, எழுத்துச்சரத்தின் மதிப்பு தவறு என்று சொல்லும் 1366ஆம் எண் பிழை வந்தது. கண்டிப்பு முறையை, அதாவது ஸ்ட்ரிக்ட் மோடை, அணைத்துவிட்டால் பிழை போய்விடும் என்று ஓரிடத்தில் படித்து அவ்வாறே செய்தேன். பிழை போய்விட்டது. ஆனால் அதன்பின் சேர்த்த நூல்களின் தலைப்புகள் முழுவதும் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் அட்டவணையை மட்டும் ஆல்டர் டேபிள் கட்டளையின் ‘கன்வர்ட் டு கேரக்டர் செட்’ வழியாக, எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்துக்கு மாற்றிப் பார்த்தேன். பழைய பெயர்களில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகு சேர்த்த பெயர்கள் மட்டும் சரியாகத் தெரிகின்றன.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. நூல் அறிமுகத்தின் முதல் 100 எழுத்துகளைக் காட்டும் முன்னோட்டத்தில், சில நூல்களுக்கு வரியின் கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வருகிறது. பழைய சர்வரில் சில நூல்களுக்கு முன்னோட்டமே வராது. அது வேறு கோளாறு என்று விட்டுவைத்திருந்தேன். கைபேசிச் செயலிக்கு ஜேசான் வடிவில் தரவு அனுப்பும் பக்கமும் சில வேளைகளில் வெற்றுப் பக்கமாகவே வருகிறது. பழைய சர்வரின் பேக்கப் என்னிடம் இருக்கிறது. இந்தப் பதிவுகளை மீட்க வழி உண்டா?

திண்ணைநிரல் எழுதியது:

வணக்கம். பழைய சர்வரில் இணைப்பு, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1 குறியாக்க முறையில் நடந்திருக்க வேண்டும். புதிய செயலியில் இணைப்பை ஏற்படுத்தியவுடன் அதன் சார்செட்டை, அதாவது எழுத்துக் குறியாக்கத்தை, லத்தீன்1 என்று அமைத்துப் பாருங்கள். பழைய தலைப்புகள் அந்தக் கணமே சரியாகத் தெரியும். என் வாடிக்கையாளர் ஒருவரின் தளத்தில் இதே சிக்கலை இப்படித்தான் தீர்த்தேன். நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது.

பைட்வாசி எழுதியது:

திண்ணைநிரல் சொல்வது உண்மைதான். அவ்வாறு அமைத்தால் நூல் அட்டவணையின் பழைய தலைப்புகள் திரையில் சரியாகிவிடும். இருந்தாலும் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசிரியர் அட்டவணையை ஏற்கெனவே மாற்றிவிட்டதால், லத்தீன்1 இணைப்பில் அங்கே புதிதாகச் சேர்த்த பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரியத் தொடங்கும். அதைவிட முக்கியமானது வேறு: தரவுத்தளம் தன்னிடம் இருப்பது தமிழ் என்றே அறியாத நிலை அப்படியே நீடிக்கும்.

முதலில் எதையும் மாற்றாமல், சேமிப்பில் உண்மையில் என்ன பைட்டுகள் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். திரையில் தெரிவதை நம்பிச் செய்யும் பழுதுபார்ப்பு பெரும்பாலும் இரண்டாவது பழுதாக முடிகிறது. உங்கள் திரைக்கும் சேமிப்புக்கும் நடுவே இணைப்பின் சார்செட், பக்கத்தோடு சர்வர் அனுப்பும் ஹெடர், உலாவி என்று மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். யார் தவறாக மொழிபெயர்த்தார் என்பதைத் திரை ஒருபோதும் சொல்லாது. தலைப்புப் புலத்தை, பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ‘ஹெக்ஸ்’ ஃபங்ஷனுக்குள் கொடுத்து ஒரு செலக்ட் க்வெரி ஓட்டினால் உள்ளதை உள்ளபடி காட்டிவிடும்.

பார்க்க வேண்டியது இதுதான். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள் பிடிக்கும். முதல் பைட் எப்போதும் ஈ0 (E0). இரண்டாவது, ஏஈ (AE) அல்லது ஏஎஃப் (AF). மூன்றாவது மட்டுமே குறிக்குக் குறி மாறும். ‘அ’ என்பது ஈ0 ஏஈ 85. மெய்யின் மேல் வைக்கும் புள்ளி ஈ0 ஏஎஃப் 8டி. இந்த ஈ0-வை லத்தீன்1 கண்ணோடு படித்தால் சாய்கோடு போட்ட ‘ஏ’. ஏஈ-ஐப் படித்தால் வட்டத்துக்குள் ‘ஆர்’. நீங்கள் பார்த்த மாறி மாறி வரும் குறிகள் இவையே. ஆகவே அந்தக் குப்பையைக் கண்டு கலங்க வேண்டாம்; தமிழ் முழுதாக உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

விடை ஈ0ஏஈ என்று தொடங்கினால், தமிழ் பைட்டுகள் சரியாக இருக்கின்றன, புலத்தின் மேல் ஒட்டிய சீட்டு மட்டும் லத்தீன்1 என்று தவறாக இருக்கிறது. விடை சி3ஏ0சி2 என்று தொடங்கினால், ஒவ்வொரு தமிழ் பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எண்ணி மறுபடியும் யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். இது இரட்டைக் குறியாக்கம். மூன்று பைட் பிடித்த ‘அ’ இந்நிலையில் ஏழு பைட் பிடிக்கும். வெறும் 3எஃப், 3எஃப் என்று அடுக்காக வந்தால் அது கேள்விக்குறியேதான். பின்னால் எதுவும் மறைந்திருக்கவில்லை. மூன்று நிலைகளுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் தரவு அழியும்.

இரண்டு அட்டவணைகளிலிருந்தும் பழையது ஐந்து, புதியது ஐந்து என எடுத்து ஹெக்ஸ் விடையையும், ‘ஷோ கிரியேட் டேபிள்’ காட்டும் அமைப்பையும் இங்கே எழுதுங்கள். அதுவரை கண்டிப்பு முறையை மீண்டும் இயக்கிவிட்டு, புதிய நூல் சேர்ப்பதையும் நிறுத்தி வையுங்கள்.

ஏடடுக்கு எழுதியது:

மிக்க நன்றி. நீங்கள் சொன்ன மூன்று நிலைகளும் என்னிடம் இருக்கின்றன. நூல் அட்டவணையில் நான் எடுத்துப் பார்த்த பழைய தலைப்புகள் எல்லாம் ஈ0ஏஈ என்று தொடங்குகின்றன. மூன்று வாரத்தில் சேர்த்த 214 நூல்களும் 3எஃப் மயம். ஆசிரியர் அட்டவணையில் பழைய பெயர்கள் சி3ஏ0சி2. புதிதாகச் சேர்த்த 38 பெயர்கள் மட்டும் ஈ0ஏஈ.

நூல் அட்டவணை, மைஎஸ்க்யூஎல்லின் பழைய சேமிப்பு முறையான மைஐசாம் வகை. தலைப்பு, 255 நீளமுள்ள வார்சார் புலம், லத்தீன்1, காலியாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டு, தலைப்பின் மேல் இண்டெக்ஸும் உண்டு. கண்டிப்பு முறையை மறுபடி இயக்கிவிட்டேன். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை: சீட்டு தவறாக இருந்தது என்றால், பதினான்கு ஆண்டுகள் எப்படிச் சரியாகத் தெரிந்தது?

பைட்வாசி எழுதியது:

இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முன்பு வரை சர்வரின் இயல்புநிலை லத்தீன்1. செயலி எதையும் சொல்லாவிட்டால் பிஎச்பியின் இணைப்பு சர்வரின் இயல்புநிலையையே எடுத்துக்கொள்ளும். பக்கம் யூடிஎஃப்-8இல் அனுப்பிய தமிழைப் பழைய சர்வர் லத்தீன்1 என்று எண்ணி வாங்கி, லத்தீன்1 புலத்தில் மாற்றமின்றி வைத்து, கேட்டபோது மாற்றமின்றித் திருப்பிக் கொடுத்தது. இரு முனையிலும் ஒரே தவறு என்பதால் பைட்டுகள் சேதமின்றிப் போய்வந்தன. 8.0இல் இயல்புநிலை யூடிஎஃப்8எம்பி4 ஆகிவிட்டதால் இணைப்பின் முனை மட்டும் திருந்தியது, புலத்தின் முனை திருந்தவில்லை. ஆகவே சர்வர் இப்போது லத்தீன்1இலிருந்து யூடிஎஃப்-8-க்கு உண்மையாகவே மாற்றிக் கொடுக்கிறது. நீங்கள் தமிழை அனுப்பும்போதும் லத்தீன்1-க்கு மாற்ற முயல்கிறது. லத்தீன்1இல் தமிழுக்கு இடமில்லை. கண்டிப்பு முறை இருந்தவரை அதைப் பிழையாகச் சொன்னது. அணைத்தபின் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுப் பேசாமல் சேமித்துவிட்டது. அந்த 1366 உங்கள் தரவைக் காப்பாற்ற நின்ற காவலாளி. அதை வெளியேற்றச் சொன்ன அறிவுரை இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இனி வேலைக்கு வருவோம். எல்லாவற்றையும் தரவுத்தளத்தின் நகல் ஒன்றில் முதலில் செய்து பாருங்கள்.

நூல் அட்டவணையைக் ‘கன்வர்ட் டு’ கட்டளையால் மாற்றவே கூடாது. ஆசிரியர் அட்டவணையில் இரட்டைக் குறியாக்கம் வந்ததே அந்தக் கட்டளையால்தான்; சீட்டை நம்பி உள்ளடக்கத்தையும் அது மாற்றிவிடும். நமக்கு வேண்டியது உள்ளடக்கத்தைத் தொடாமல் சீட்டை மட்டும் மாற்றுவது. அதற்கு இரண்டு படி. முதலில் ஆல்டர் டேபிளில் ‘மாடிஃபை’ கொண்டு தலைப்பை 255 நீளமுள்ள வார்பைனரி ஆக்குங்கள். இப்போது சீட்டே இல்லை, வெறும் பைட்டுகள். அடுத்து அதே புலத்தை யூடிஎஃப்8எம்பி4 வார்சார் என்று மாடிஃபை செய்யுங்கள். டெக்ஸ்ட் புலமாக இருந்தால் நடுவில் பிளாப் ஆக்க வேண்டும். மாடிஃபை கட்டளையில் நீங்கள் எழுதாத நிபந்தனைகள் உதிர்ந்துவிடும் என்பதால், காலியாக இருக்கக்கூடாது என்பதையும், இயல்பு மதிப்பு இருந்தால் அதையும் இரண்டு படியிலும் திரும்ப எழுதுங்கள்.

வழியில் இரண்டு இடறல்கள் வரக்கூடும். மைஐசாம் வகையில் ஒரு கீயின், அதாவது இண்டெக்ஸின், நீளம் 1,000 பைட்டைத் தாண்டக்கூடாது. யூடிஎஃப்8எம்பி4 ஓர் எழுத்துக்கு நான்கு பைட் வரை ஒதுக்குவதால் 255 எழுத்துக்கு 1,020 பைட் கணக்காகும். கீ மிக நீளம் என்று 1071ஆம் எண் பிழை வரும். ஆகையால் முதலிலேயே அட்டவணையை இன்னோடிபி என்ற மற்றொரு சேமிப்பு வகைக்கு மாற்றிவிடுங்கள். 8.0இன் இயல்பான வரிசை வடிவத்தில் அங்கே 3,072 பைட் வரை இடம் உண்டு.

இரண்டாவது இடறல், நீங்கள் இதுவரை கவனித்திராத ஒரு பழைய இழப்பைக் காட்டிக்கொடுக்கும். லத்தீன்1 புலத்தில் 255 என்றால் 255 பைட். தமிழில் 85 குறிகள்தான். அதற்கு மேல் நீண்ட தலைப்புகளைப் பழைய சர்வர் சத்தமில்லாமல் வெட்டியிருக்கும். தலைப்பில் இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஒரே பைட் என்பதால், வெட்டு பல நேரம் ஒரு தமிழ்க் குறியின் நடுவில் விழுந்திருக்கும். அந்த அரைகுறைப் பைட்டோடு யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றக் கண்டிப்பு முறை சம்மதிக்காது. மறுபடியும் 1366 வரும். இம்முறையும் அதை அணைக்காதீர்கள். வார்பைனரி நிலையில் நீளம் சரியாக 255 ஆக உள்ள பதிவுகளை எடுத்து, ஹெக்ஸ் முடிவைப் பாருங்கள். ஈ0 என்று முடிந்தால் கடைசி ஒரு பைட்டையும், ஈ0ஏஈ அல்லது ஈ0ஏஎஃப் என்று முடிந்தால் இரண்டு பைட்டையும் நீக்கிவிட்டு, முழுத் தலைப்பைப் பின்னர் கையால் நிரப்புங்கள்.

ஆசிரியர் அட்டவணைக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். பெயரை லத்தீன்1-க்குக் கன்வர்ட் செய்து, அதன் விளைவை பைனரியாகக் காஸ்ட் செய்து, அதை யூடிஎஃப்8எம்பி4 என்று கன்வர்ட் செய்தால் பழைய தமிழ் திரும்பிவிடும். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே அப்டேட் கட்டளையில் எழுதலாம். ஆனால் அதை அட்டவணை முழுவதற்கும் ஓட்டினால், நன்றாக இருக்கும் 38 புதிய பெயர்களும் லத்தீன்1-க்குப் போகிற வழியில் கேள்விக்குறிகளாகிவிடும். ஹெக்ஸ் விடையில் சி3ஏ0சி2 எங்கேனும் வருகிற பதிவுகளுக்கு மட்டும் என்று ‘வேர்’ (WHERE) நிபந்தனை கட்டாயம் வையுங்கள். முதலில் அதே நிபந்தனையோடு செலக்ட் ஓட்டி எண்ணிக்கையையும் நூறு பெயர்களையும் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு அப்டேட் செய்யுங்கள்.

இந்த மீட்பை மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே செய்ய வேண்டும் என்று வலியுறுத்துவேன். மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 என்று அழைப்பது உண்மையில் விண்டோஸின் 1252 குறியாக்கம். அதில் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய ஐந்து இடங்கள் வெறுமை. மைஎஸ்க்யூஎல் அந்த ஐந்தையும் சேதமின்றிக் கொண்டுபோய்க் கொண்டுவரும். வெளியே உள்ள பல கருவிகள் அப்படிச் செய்வதில்லை. தமிழில் அந்த இடங்களில் இருப்பவை எவை தெரியுமா? உகரக் குறி 81, புள்ளி 8டி, ‘ஏ’ 8எஃப், ‘ஐ’ 90. தரவு முழுவதும் அடங்கிய டம்ப் கோப்பை வெளியே எடுத்து வேறு கருவியில் மாற்றி, தமிழ் முழுவதும் திரும்பியும் புள்ளிகளும் உகரங்களும் மட்டும் காணாமல் போன தளம் ஒன்றைச் சரிசெய்ய நான் இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கிறேன். ‘நூல்’ எல்லாம் ‘நூல’ என்று நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது.

214 நூல்களின் தலைப்புகள் அட்டவணையிலிருந்து மீளாது. பேக்கப்பும் அவற்றுக்கு முந்தையது. உங்கள் நூல் வரவுப் பதிவேடு காகிதத்தில் இருக்குமானால் அதுவே வழி.

கடைசியாக, இணைப்பை ஏற்படுத்தியவுடன் மைஎஸ்க்யூஎல்ஐயின் ‘செட் சார்செட்’ ஃபங்ஷனால் யூடிஎஃப்8எம்பி4 என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ‘செட் நேம்ஸ்’ என்ற க்வெரியால் செய்தால் சர்வருக்கு மட்டுமே அது தெரியும். மேற்கோள்குறிகளைத் தப்பவைக்கும் எஸ்கேப் ஃபங்ஷனோ பிஎச்பியின் பக்கம் உள்ள சார்செட்டைப் பார்த்து நடப்பது; அதற்குத் தெரியாமல் போகும்.

திண்ணைநிரல் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, என் வாடிக்கையாளரின் தளத்தையும் இந்த முறையில் மாற்ற முடிவு செய்துவிட்டேன். ஓர் ஐயம். தமிழுக்கு மூன்று பைட்தான் என்றால், மைஎஸ்க்யூஎல்லின் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8 போதுமே? நான்கு பைட் வகை எதற்கு? கீ நீளச் சிக்கலும் குறையும்.

பைட்வாசி எழுதியது:

அன்றாடத் தமிழுக்குப் போதும் என்பது சரி. ஆனால் வாசகர் ஒருவர் கருத்துப் பெட்டியில் ஒரே ஒரு எமோஜி போட்டால், மூன்று பைட் வகையில் கண்டிப்பு முறை அதை மறுக்கும்; கண்டிப்பு இல்லாத சர்வரோ எமோஜியிலிருந்து பின்னால் உள்ள வாக்கியம் முழுவதையும் வெட்டிவிடும். தமிழுக்குள்ளேயும் தேவை உண்டு. மா, காணி, முந்திரி முதலிய பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019இல் வந்த யூனிகோட் 12.0இல் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் நான்கு பைட். பழைய கணக்கேடுகளையும் நில ஆவணங்களையும் பட்டியலிடும் நூலகத்துக்கு அவை வேண்டியிருக்கும். கீ நீளம் இன்னோடிபி-யில் சிக்கலே இல்லை.

எழுத்தெண்ணி எழுதியது:

முன்னோட்டமும் ஜேசானும் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். தரவுத்தளத்தைச் சரிசெய்த பிறகும் இவை தொடரும், ஏனெனில் தவறு பிஎச்பி நிரலில் இருக்கிறது.

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவருக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்குத் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். சேமிப்பில் 15 பைட். பிஎச்பியின் ‘ஸ்டர்லென்’ 15 என்று சொல்லும், ‘எம்பி ஸ்டர்லென்’ 5 என்று சொல்லும், ‘கிராஃபீம் ஸ்டர்லென்’ 3 என்று சொல்லும். உங்கள் நிரலில் ‘சப்ஸ்டர்’ கொண்டு முதல் 100-ஐ வெட்டியிருப்பீர்கள். அது 100 எழுத்தை வெட்டவில்லை, 100 பைட்டை வெட்டுகிறது. 33 குறிகளுக்கு 99 பைட் போக, நூறாவதாக ஓர் ஒற்றை ஈ0 தொங்கிக்கொண்டு நிற்கும். அந்த ஒற்றைப் பைட்தான் சாய்சதுரமாகத் தெரிகிறது.

பழைய சர்வரில் முன்னோட்டமே வராமல் போனதற்கும் அதுவே காரணம். ‘எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ்’ ஃபங்ஷன், குறைப்பட்ட யூடிஎஃப்-8 கிடைத்தால் பழைய பிஎச்பியில் முழு வரியையும் வெற்றாகத் திருப்பிவிடும், பிஎச்பி 8.1 முதல் இயல்பாகவே குறைப்பட்ட இடத்தில் சாய்சதுரத்தைப் போட்டு மீதியைக் காட்டுகிறது. ‘ஜேசான் என்கோட்’ ஃபங்ஷனோ இன்றும் ஒரு குறைப்பட்ட பைட்டைக் கண்டால் மொத்த விடையையும் கைவிட்டு ஃபால்ஸ் என்று திருப்பும். அதை எக்கோ செய்தால் வெற்றுப் பக்கம். 200 நூல்களின் பட்டியலில் ஒரே ஒரு முன்னோட்டம் குறைப்பட்டிருந்தால்கூட 200-ம் போய்விடும் என்பதால்தான் உங்களுக்குச் சில வேளைகளில் மட்டும் அது நிகழ்கிறது. பிழையை எறியச் சொல்லும் குறிப்பு ஒன்று பிஎச்பி 7.3 முதல் உண்டு. ‘ஜேசான் த்ரோ ஆன் எரர்’ என்ற அதைச் சேர்த்துவிடுங்கள். இனி வெற்றுப் பக்கத்துக்குப் பதிலாகக் காரணம் லாகில் விழும்.

வெட்டுவதற்கு ‘எம்பி சப்ஸ்டர்’ போதும் என்று பலர் நிறுத்திக்கொள்வார்கள். பைட் உடையாது என்பது உண்மை, ஆனால் எழுத்து உடையும். ‘கொடி’ என்பதில் முதல் குறியோடு வெட்டினால் ‘க’ மட்டும் மிஞ்சும். ‘நூல்’ என்பதில் புள்ளிக்கு முன் வெட்டினால் ‘நூல’ ஆகும். தமிழில் படிக்கிறவருக்கு அது எழுத்துப்பிழையாகவே தெரியும். பிஎச்பியின் இன்ட்டில் எக்ஸ்டென்ஷனை நிறுவி ‘கிராஃபீம் சப்ஸ்டர்’ பயன்படுத்துங்கள். அது எழுத்தெல்லையில் மட்டுமே வெட்டும். கூடுமானால் அதற்குப் பின் கடைசி இடைவெளி வரை பின்வாங்கிச் சொல்லெல்லையில் நிறுத்துங்கள்.

இன்ட்டில் நிறுவியதும் இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். ‘கொ’ என்பதை ககரம், ஒகரக் குறி என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்று குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலோ ஒன்றை ஆறு பைட்டாகவும் மற்றதை ஒன்பது பைட்டாகவும் பார்த்து வேறு வேறு என்று சொல்லும். பெயர் இருந்தும் தேடலில் சிக்கவில்லை என்று யாராவது புகார் சொல்லியிருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். ‘நார்மலைசர்’ வகுப்பைக் கொண்டு, இத்தகைய எழுத்துகளை ஒரே குறிவரிசையாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு, சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஒருமுறை மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஏடடுக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நகலில் இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டு நேற்றிரவு உண்மையான தரவுத்தளத்தில் செய்து முடித்தேன். இன்னோடிபி-க்கு மாற்றியதால் கீ நீளப் பிழை வரவில்லை. வார்பைனரியிலிருந்து திரும்பும்போது பைட்வாசி சொன்னபடியே 1366 வந்தது; நீளம் 255 ஆக ஒன்பது தலைப்புகள் இருந்தன, அவற்றில் ஆறு நடுக்குறியில் வெட்டுப்பட்டவை. எல்லாமே நீண்ட உபதலைப்புகள் கொண்ட கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகள். இத்தனை ஆண்டுகளாக அவை பாதித் தலைப்போடு நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. அலமாரியிலிருந்து நூல்களையே எடுத்துவந்து பார்த்து நிரப்பினேன்.

ஆசிரியர் அட்டவணையில் நிபந்தனையோடு ஓட்டிய செலக்ட் சரியான எண்ணிக்கையைக் காட்டியது. புதிய 38 பெயர்களும் பத்திரமாக உள்ளன. என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்ததும், ஒரே ஆசிரியர் இரண்டு பெயராகப் பதிவாகியிருந்த 17 இடங்கள் வெளிப்பட்டன. 214 நூல்களை வரவுப் பதிவேட்டைப் பார்த்து இரண்டு தன்னார்வலர்கள் இரண்டு மாலைகளில் மீண்டும் ஏற்றிவிட்டார்கள். முன்னோட்டமும் ஜேசானும் சரியாகிவிட்டன.

ஒன்று மட்டும் மிச்சம். 2011இல் முதன்முதலில் ஏற்றிய ஏறத்தாழ 340 தலைப்புகள் எந்த நிலையிலும் சேரவில்லை. திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. பழைய சர்வரிலும் அப்படித்தான் தெரிந்தன. ஒன்றின் ஹெக்ஸ் 6ஏ 6பி 70 6எஃப் 3பி என்று தொடங்குகிறது. இது என்ன நிலை?

எழுத்தெண்ணி எழுதியது:

இது குறியாக்கச் சிதைவே அன்று. அந்த ஐந்து பைட்டும் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அந்த ஐந்து விசைகளையும் தட்டினால் ‘தமிழ்’ என்று தெரியும். யாரோ பாமினியில் தட்டெழுதி வைத்திருந்த பட்டியலை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். எந்த சார்செட் மாற்றமும் இதைச் சரிசெய்யாது. விசைக்கு விசை மாற்றிக் கொடுக்கும் நிரல்தான் வேண்டும்.

அந்த நிரலை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவார்கள்; ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு துணைக்கால். யூனிகோடில் ககரம்தான் முதலில் வர வேண்டும். ஒவ்வொரு விசையாக மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூன்று விசைக் கூட்டங்களை முதலிலும், இரண்டு விசைக் கூட்டங்களை அடுத்தும், ஒற்றை விசைகளைக் கடைசியிலும் மாற்றுங்கள். அதே புலத்தில் உண்மையான ஆங்கிலத் தலைப்புகளும் இருக்குமே; அவற்றின் மேல் இந்த நிரல் ஓடினால் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். எவை பாமினி, எவை ஆங்கிலம் என்று பிரிக்க நம்பகமான நிபந்தனை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. 340தானே, தனியாக ஒரு புலம் சேர்த்துக் கையால் குறியிட்டுவிட்டு, குறியிட்டவற்றை மட்டும் மாற்றுங்கள்.